மாரிகுப்பம் துரையின் வாட்ச்

"செத்தவரு கையில இருந்த வாட்ச்ச யாரும் கட்டிக்க மாட்டாங்கக்கா. நானா இருக்கப்போய் கேக்கறேன்," என்றான் திலீப்.

வாசலை மறித்து நின்ற சுனிதா, துரையின் மருமகள், அவனை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப நீ மட்டும் இன்னாத்துக்கு வாங்கற?"

திலீப் பங்காருபேட்டைக்காரன், பெங்களூரில் வேலை. புது வாட்ச் கடைகளுக்குள் நுழைய வசதியில்லாமல், பழைய வாட்ச் சேர்ப்பதைப் பொழுதுபோக்காகப் பிடித்துக்கொண்டவன். அதற்கென்று ஒரு வழி வைத்திருந்தான். ரயில் நிலையச் சுவர்களில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களைப் படிப்பான். இறந்தவர் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த பெரியவர் என்றால், காரியம் முடியும்வரை காத்திருந்து வீடு தேடிப் போவான்.

இந்த முறை போஸ்டர் பாதி கிழிந்திருந்தது. 'துரை, மாரிகுப்பம்' என்பது மட்டும் மிச்சம். டீக்கடையில் விசாரித்தான்.

"எந்தத் துரை? கேஜ் துரையா, டிம்பர் துரையா?"

"மைன்ஸ்ல இருந்தாரே, அவரு."

"இங்க யாருய்யா மைன்ஸ்ல இல்ல?" என்று சிரித்த கடைக்காரர், வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் கடைசி வீட்டைக் காட்டினார்.

சுனிதாவின் கேள்விக்கு, தனக்குப் பழைய வாட்ச் சேர்க்கும் பழக்கம் என்றும், துரை ஐயாவின் போஸ்டரைப் பார்த்ததாகவும், அவருடைய வாட்ச் ஏதாவது இருந்தால் வாங்கிக்கொள்வதாகவும் திலீப் சொன்னபோது, அவள் ஒரு முறை வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், கறுப்பு டயல் வைத்த ஒரு எச்.எம்.டி.யைக் கொண்டுவந்து நீட்டினாள்.

இதைத்தான் அவன் இரண்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தான். பெங்களூரில் இதற்குச் சொல்லும் விலை அவன் சம்பளத்துக்குக் கட்டாது. இன்று விட்டால் இனி கிடைக்காது.

காதில் வைத்தான், சீராக ஓடியது. செல்போனோடு ஒப்பிட்டான், ஒரு நிமிஷம்கூடப் பிசகவில்லை. முகத்தை மட்டும் சுளித்துக்கொண்டான்.

"கண்ணாடி பூரா கீறல். சாவி குடுக்கற வாட்ச் வேற. ஒரு நாள் மறந்தா நின்னுடும். இந்தக் காலத்துல இதை யாரு தினமும் திருகினு இருப்பாங்க? ஐநூறு ரூபா தர்றேன்."

"எழவு வூடா பாத்துப் பொறுக்க வர்றவனுக்கு வாய் வேற!"

"நான் இன்னா திருடிட்டா போறேன்? காசு குடுத்துதானே கேக்கறேன்!" திலீப்பின் குரல் உயர்ந்தது.

"கத்தாத. லைன் வூடு இது. நாலு வூட்டுக்குக் கேக்கும்," என்று சுனிதா பல்லைக் கடித்தாள்.

"அப்ப நீங்களே வெச்சிக்கங்க. மாமனார் ஞாபகமா இருக்கட்டும்."

அந்த வார்த்தை அவளை எங்கேயோ சுட்டது. "ஞாபகமா? நான் வாழ வந்த நாள்லேந்து இந்த வாட்ச்தான்யா எனக்கு மாமியாரு. சோறு லேட்டு, காப்பி லேட்டு, கடைக்குப் போனா லேட்டு. வாயத் தொறந்து ஒரு வார்த்தை கெடையாது. கையத் தூக்கி இதைத் தட்டிக் காட்டுவாரு. கூடவே என் புருஷன் சிரிப்பான்."

"அப்ப தொலைச்சுத் தலைமுழுகுங்க. அறுநூறு. அதுக்கு மேல பைசா கெடையாது."

"குடுத்துட்டுக் கெளம்பு. திரும்ப இந்தப் பக்கம் வந்த, செருப்பு பிஞ்சிடும்."

பணத்தை வாங்கியவள் எண்ணிப் பார்க்காமல் இடுப்பில் செருகிக்கொண்டாள். படி இறங்கும்போதே திலீப் வாட்ச்சைக் கையில் கட்டிக்கொண்டான். இவ்வளவு மலிவாக முடியும் என்று அவன் நினைக்கவில்லை. ஒரு மரியாதைக்காகத் திரும்பி, "பாவம், நல்ல மனுஷன். கஷ்டப்படாமப் போய்ட்டாரு," என்று சொல்லிவைத்தான்.

சுனிதா கதவை இழுத்தாள். அதை முழுதாகச் சாத்துவதற்குள் உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. நீண்ட இருமலுக்குப் பிறகு ஒரு கிழட்டுக் குரல் கேட்டது.

"சுனிதா, தலைமாட்டுல இருந்த வாட்ச் எங்கம்மா? சாவி குடுக்கணும்."