வெள்ளரிக்காய்க்கு ஏற்ற தேநீர்

முதல் கோப்பையை அவர் உறிஞ்சிய சத்தத்தில் மேசையைச் சுற்றியிருந்த பன்னிரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.

ருசி பார்ப்பவர்கள் அப்படித்தான் உறிஞ்சுவார்கள். சத்தம் வர வேண்டும். நாக்கில் பட்டது மூக்குக்கும் ஏற வேண்டும். பிறகு துப்பிவிட வேண்டும்.

துப்பினார்.

“வெள்ளைத் தேநீர். மழைக்கு முந்தின கொழுந்து. வெள்ளரிக்காயை ஒரு வில்லை கடிச்சிட்டு குடிங்க.”

கடித்தார்கள். குடித்தார்கள். ஆகா என்றார்கள்.

குன்னூரில் மே மாதம். கீழே ஊரெல்லாம் வெந்துகொண்டிருந்தது. அதிலிருந்து தப்பி வந்தவர்களுக்காக எஸ்டேட் பங்களாவில் ஞாயிற்றுக்கிழமை மதிய விருந்து. வயிற்றுக்கு லேசான ஆறு பண்டம், ஒவ்வொன்றுக்கும் ஏற்ற ஆறு தேநீர். எதற்கு எது என்று சொல்ல அவர்.

மலை முழுக்க அவருக்கு ‘மூக்கு சார்’ என்று பெயர். இருபத்தாறு வருடத்துப் பெயர்.

மூக்கு போய் ஒன்றரை வருடம் ஆகிறது.

ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, மணத்தையும் கூட்டிக்கொண்டு. இப்போது அவருக்குத் தேநீர் என்றால் சூடு, கொஞ்சம் துவர்ப்பு. அவ்வளவுதான். யாரிடமும் சொல்லவில்லை. மணம் தெரியாதவருக்கு எஸ்டேட்டில் வேலை ஏது? வேலை இல்லையென்றால் குவார்ட்டர்ஸ் இல்லை. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அந்தப் பெயர் போவதைத் தாங்க முடியாது.

பயம் மனிதனுக்கு நிறையக் கற்றுக்கொடுக்கிறது. ஒவ்வொரு கோப்பைக்கு முன்னாலும் அதன் காய்ந்த இலையை ஒரு தட்டில் வைப்பது தொழில் வழக்கம். அவர் இலையைப் பார்ப்பார். கோப்பையின் நிறத்தைப் பார்ப்பார். மற்றதைப் பழைய ஞாபகம் பேசும்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

இரண்டாவது கோப்பை. தட்டில் பச்சை இலை. பாசிப்பருப்புக் கோசம்பரிக்கு ஏற்றது, பச்சைப் பட்டாணித் தோலின் வாசம் வரும் என்றார். பெங்களூர்க்காரர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, வருகிறது என்றார்.

மூன்றாவது, எலுமிச்சை இடியாப்பத்துக்கு. மல்லிகை வாசம் என்றார். மல்லிகையும் வந்தது.

நான்காவது, தயிர்சேமியாவுக்கு. பனிக்காலத்தில் பறித்த இலை, வருடத்துக்குப் பத்து நாள்தான் கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, கரூரிலிருந்து வந்திருந்த பெண் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“எங்கூட்டு டீயாட்டமே இருக்குதுங்க. பால் ஊத்தாத டீ.”

கிண்டல் இல்லை. தோன்றியதைச் சொன்னாள்.

அவருக்கு முதுகில் வியர்த்தது. வியர்த்தவர் சும்மா இருந்திருக்கலாம்.

“காலைல வெங்காயம் சாப்பிட்டீங்களாம்மா? வாயை வெந்நீர்ல கொப்பளிச்சுட்டு வந்து குடிங்க. எல்லா நாக்குக்கும் எல்லாம் தெரிஞ்சிடாது.”

மேசை சிரித்தது. கணவன் அவளைப் பார்த்த பார்வையில் வீட்டுக்குப் போனதும் இருக்கிறது என்று எழுதியிருந்தது. அவள் நிஜமாகவே எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தாள். குடித்தாள்.

நல்லா இருக்குதுங்க என்றாள். பிறகு ஆறாவது கோப்பை வரை தலையே நிமிரவில்லை.

முலாம்பழம் முடிந்தது. இளநீர்ப் பாயசம் முடிந்தது. எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

மேனேஜர் கிரிதரன் அவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டான். அடுப்பு மேடையில் ஒரே ஒரு பொட்டலம் பிரித்துக் கிடந்தது. பக்கத்தில் வடிகட்டிய துணி.

“ஆறும் இதுதான் சார். சாதா டீத்தூள். முதல் கோப்பைக்குப் பத்து எண்ணுற வரைக்கும் ஊற வெச்சேன். கடைசிக்கு ரெண்டு நிமிஷம். தட்டுல மட்டும் நல்ல இலை.”

அவர் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். இனி வீட்டைக் காலி செய்யச் சொல்வான் என்று காத்திருந்தார். சொல்லிவிட்டால் தேவலை என்றுகூட இருந்தது.

“பயப்படாதீங்க. இந்த சீசன்லேர்ந்து ஞாயித்துக்கிழமை ரெண்டு பந்தி. நல்ல இலை அத்தனையும் ஏலத்துக்குப் போகட்டும். இவங்களுக்கு இதுவே போதும். நீங்க பேசுங்க. உங்கள மாதிரி பேச ஆள் கிடையாது சார்.”

அவமானத்தில் அவருக்குக் காது சுட்டது. அதற்கடியில் ஒரு நிம்மதி. அந்த நிம்மதிதான் அவரைக் கூச வைத்தது.

“எப்படித் தெரியும்?” என்று கேட்டார்.

“போன மாசம் ருசி பார்க்கிற ரூம்ல கேஸ் கசிஞ்சுதே. எல்லாரும் வெளிய ஓடி வந்துட்டோம். நீங்க மட்டும் உள்ள உக்காந்து எழுதிட்டு இருந்தீங்க.”

அவருக்கு நினைவிருந்தது. அன்று உதவியாட்கள் திடீரென்று எழுந்து போனார்கள். ஏன் என்று கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று கேட்காமல் இருந்துவிட்டார்.

“கூப்பிட்டிருக்கலாமே தம்பி.”

கிரிதரன் துணியை உதறி மடித்தான்.

“எவ்வளவு நேரம் இருக்கீங்கன்னு கண்ணாடி வழியாப் பாத்துட்டு இருந்தேன் சார். எனக்கு நிச்சயமாத் தெரியணும்ல?”

வெளியே நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. இரண்டாவது பந்தி உட்கார்ந்துகொண்டிருந்தது.

அவர் குழாயைத் திறந்து முகம் கழுவினார். சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார்.

“இந்தத் தடவை பனிக்கால இலைக்குக் கொஞ்சம் கூடுதலா ஊற வை தம்பி,” என்றார். “நிறம் பத்தலை.”