நாலு பேர் போகலாம்

படப்பையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்தப் புது மனைப்பிரிவில் கோபாலும் நிலாவும் வந்து இறங்கியபோது, வரச் சொன்ன புரோக்கரைக் காணோம். முதல் வீட்டு வாசலில் கைலி கட்டிய ஒருவர் பழைய அலுமினிய மீன்பிடிப் படகைக் கவிழ்த்துப் போட்டு ரிவெட் அடித்துக்கொண்டிருந்தார்.

கோபாலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னா சார், கடலே இல்லாத ஊர்ல படகு?"

"பொழுது போவணும்ல சார். பழவேற்காட்டுல சும்மா கெடந்திச்சு, வாங்கியாந்தேன்."

"ஒழுகாதா?"

"அங்கங்க ஒழுகிச்சு. எல்லாம் அடைச்சாச்சு. மழைக்கு முன்னாடி முடிச்சுடணும்."

"எத்தினி பேர் போலாம்?"

"நாலு பேர். எங்க வூட்ல நாலு பேர்தான்."

கோபால் மனைவியின் காதருகே குனிந்தான். "ஆளுக்கு மறை கழண்டுபோச்சு. இவரு பக்கத்துல குடி வந்தா நமக்கு டிவியே வேணாம்."

நிலா சிரிக்கவில்லை. "மொதல்ல புரோக்கருக்குப் போன் போடுங்க. வெயில் கொளுத்துது."

எந்த மழைக்கும் சொட்டுத் தண்ணீர் நிற்காத இடம் என்று நேற்று முழுக்கப் போனில் சத்தியம் செய்தவர்தான். கோபால் அந்த எண்ணை அழுத்தினான்.

படகின் முதுகில் கிடந்த போன் அடித்தது.

அவர் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு எழுந்தார். "கோபால் சாரா? மொதல்லியே சொல்லக் கூடாதா! வாங்க, மனையைப் பாக்கலாம். நானே இங்கதான் வூடு கட்டிக்கினு கீறேன், அப்புறம் இன்னா பயம்?"

கோபால் படகைத் திரும்பிப் பார்த்தான். நிலாதான் கேட்டாள்:

"நீங்க சொன்ன வெலை படகோட சேத்தியா, இல்ல படகு தனியா?"