எழுந்திருக்கவில்லை

டாக்டரம்மா மேசைமணியை அழுத்திவிட்டார். அடுத்த ஆளை உள்ளே விடலாம் என்று அர்த்தம்.

அவள் எழுந்திருக்கவில்லை.

சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட்டு முடித்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். கூட வந்த அக்கா ஏற்கெனவே கைப்பையைத் தோளில் மாட்டி, கதவுப் பக்கம் அரை அடி எடுத்து வைத்திருந்தாள்.

டாக்டரம்மா நல்ல மனுஷிதான். எரிந்து விழவில்லை. திரையை இழுத்துவிட்டு, கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் தொட்டார். இடது மார்பின் ஓரத்தில், கோலிக்குண்டு அளவில், விரலுக்குப் பிடிகொடுக்காமல் நழுவும் ஒரு கட்டி. இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். சிரித்தார்.

"இருபத்துமூணு வயசுல இதெல்லாம் சகஜம்மா. சாதாரணக் கட்டி. மனசைப் போட்டு உழப்பிக்காம ஆறு மாசம் கழிச்சு வா, பாக்கலாம்."

அக்காவுக்கு அப்போதுதான் போன உயிர் திரும்பி வந்தது.

பன்னிரண்டு நாளைக்கு முன் குளிக்கும்போது, சோப்பு நுரைக்கு நடுவே தட்டுப்பட்டது அது. மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் விழுங்கினாள். நாலாம் நாள், துவைத்த போர்வையின் முனைகளை ஆளுக்கொரு பக்கம் பிடித்து உதறிக்கொண்டிருந்தபோது அக்காவிடம் சொன்னாள். அக்கா தன் பக்கத்து முனைகளை அப்படியே மண்ணில் போட்டுவிட்டாள். பிறகு சமாளித்துக்கொண்டு, "தானா கரைஞ்சிடும்" என்றாள். இருவரும் அதை நம்பப் பார்த்தார்கள். இனிமேல் அந்தப் பக்கம் கையே போகக் கூடாது என்று இவள் காலையில் முடிவு செய்வாள். பல் துலக்கி முடிப்பதற்குள் கை அங்கே போய் நிற்கும்.

கை அவளுக்கு அப்படிப் பழகிவிட்டது. கார்த் தொழிற்சாலையில், கதவுகள் வண்ணம் அடிக்கப் போகும் முன் அவற்றைத் தடவிப் பார்ப்பதுதான் அவள் வேலை. மெல்லிய பருத்தி உறை மாட்டிய உள்ளங்கையால் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. கண்ணுக்குச் சிக்காத மேடுபள்ளம் கையில் தட்டுப்படும். சந்தேகம் வந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். இதற்குப் போய் வட்டமா என்று மேற்பார்வையாளர் தலையில் அடித்துக்கொள்வார். அவள் பதில் பேச மாட்டாள். வட்டத்தை அழிக்கவும் மாட்டாள்.

அந்த வீம்பெல்லாம் வேலை நேரத்தில்தான். வெளியே வந்தால் வாயில்லாப் பூச்சி. கடைக்காரர் அழுகின பழத்தைத் தள்ளிவிட்டாலும், திருப்பிக் கொடுக்க வெட்கப்பட்டு வீட்டுக்குத் தூக்கி வருகிறவள்.

அதனால்தான், தங்கை எழுந்திருக்காததைப் பார்த்ததும் தலைசுற்றல் என்று நினைத்துவிட்டாள் அக்கா. ஓடிவந்து தோளைப் பிடித்தாள்.

"வாடி, அதான் டாக்டரம்மாவே ஒண்ணுமில்லன்னுட்டாங்களே!"

கதவு திறந்தது. கைக்குழந்தையோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். முக்காலியில் இன்னும் ஆள் இருப்பதைக் கண்டு அங்கேயே நின்றாள். அவளுக்குப் பின்னால் நடையெங்கும் தலைகள்.

தங்கைக்குக் காதுமடல் வரை சூடேறியது. எழுந்து போய்விடலாம். ஆறு மாசம் ஓடுவதா பெரிது? டாக்டரம்மா எவ்வளவு படித்தவர். தான் பள்ளிக்கூடத்தோடு நின்றவள்.

முக்காலியின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும் டாக்டர்." குரல் யாருடையதோ போல இருந்தது. "ஆனா கையால தொட்டுப் பாத்துதானே சொல்றீங்க? நானும் கையால பாக்குற வேலைதான் செய்யறேன். என் கைக்குத் தப்பிப்போனது எத்தனைன்னு எனக்குத் தெரியும். ஸ்கேனுக்கு எழுதிக் குடுங்க. குடுக்காம நான் எந்திரிக்க மாட்டேன்."

கதவருகே குழந்தை சிணுங்கியது.

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

சீட்டு கைக்கு வந்த பிறகுதான் அவள் எழுந்தாள்.

வெளியே, காத்திருந்தவர்களின் முறைப்புகளுக்கு நடுவே, நிமிர்ந்து நடந்தாள். அக்கா வாயைப் பிளந்தபடி பின்னாலேயே ஓடிவந்தாள். நீயாடி பேசினே, நீயாடி பேசினே என்று படிக்கட்டு வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள். தங்கைக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. பன்னிரண்டு நாளில் முதல் சிரிப்பு. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் முட்டும் வரை சிரித்தாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி குத்திச் சதையெடுத்துச் சோதித்தார்கள். மறுவாரம் முடிவு வந்தது.

டாக்டரம்மா சொன்னது அட்சரம் பிசகவில்லை. அது சாதாரணக் கட்டிதான்.

ஆனால் அதைத் தாண்டி, இன்னும் ஆழத்தில், ஒரு மிளகு அளவுக்கு வேறொன்று இருந்தது. டாக்டரம்மாவின் கைக்கும் எட்டாதது, அவள் கைக்கும் எட்டாதது. பொல்லாதது அதுதான்.

இவ்வளவு சின்னதாக ஒன்று சிக்கிப் பார்த்ததே இல்லை என்றார் அறுவை சிகிச்சை செய்தவர். ஆறு மாசம் விட்டிருந்தால் என்று ஆரம்பித்து, அந்த வாக்கியத்தை முடிக்காமல் விட்டுவிட்டார். மிளகை எடுத்தார்கள். அதன்பின் ஒரு வருஷம் மருந்தும் வாந்தியுமாகப் போனது. முடி கொட்டியது, சுருள்சுருளாகத் திரும்ப முளைத்தது. இது நடந்து எட்டு வருஷம் ஆகிறது. இப்போது ஆளைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அறுவை சிகிச்சை அன்று, மயக்க மருந்து கொடுப்பதற்குச் சற்று முன்னால், கையோடு அந்தக் கோலிக்குண்டுக் கட்டியையும் எடுத்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறார்கள்.

"வேணாம், பாவம்," என்றாளாம் அவள். "அது இருந்துட்டுப் போகட்டும்."