கட்டிய கை

எண்டோஸ்கோபி அறையில் விளக்கை அணைத்தாயிற்று. திரையின் நீல வெளிச்சம் மட்டும் நர்ஸின் முகத்தில் விழுகிறது. வயிற்றுக்குள் குழாய் விடுமுன் தூங்கவைப்பார்கள் என்று கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள் ஓர் அம்மாள். பால்போல் வெளுத்த மயக்க மருந்து ஊசியில் ஏறித் தயாராக இருக்கிறது. அதைப் போடவேண்டிய மயக்க டாக்டரைத்தான் காணோம். “நீங்களே போட்டுடுங்க சிஸ்டர்,” என்கிறார் குழாயோடு நிற்கும் பெரிய டாக்டர். நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்கிறாள். “நான் போடக்கூடாது சார். சட்டத்துல இடமில்ல.” “நான்தான் பக்கத்துல இருக்கேனே!” “உங்க கண்ணு திரையில இருக்கும். இவங்க மூச்சு நின்னா யாரு பாக்கறது?” “வேற சிஸ்டரக் கூப்பிடட்டுமா?” “கூப்பிடுங்க. வர்றவங்ககிட்டயும் இதையேதான் சொல்லுவேன்.” அவள் கட்டிய கை அவிழவில்லை. அம்மாள் மெல்லத் தலையைத் தூக்குகிறாள். “எனக்கொண்ணும் அவசரமில்லப்பா. மயக்கறவரு வந்து மயக்கட்டும்.” டாக்டர் கையுறையை உரித்துக் கூடையில் எறிகிறார். போனை எடுத்து மயக்க டாக்டரின் எண்ணை அழுத்தியபடியே நர்ஸை முறைக்கிறார். “நாளைக்கு இருக்கு உங்களுக்கு.” அவள் அம்மாளின் போர்வையைத் தோள்வரை இழுத்துவிடுகிறாள். “நாளைக்கும் எனக்கு இங்கதான் டூட்டி சார்.”