முழங்கால் தண்ணீரில் மீன்

"மீன் பெருகக் கடல்ல இரும்புத் தூள் கொட்டுறோம்னதுக்கு, கூடாதுன்னு வானத்துக்கும் பூமிக்குமா குதிச்சியே, இப்பப் பாரு!" மீனவர் சங்கத் தலைவர், தங்கையின் ஆய்வுக்கூட மேசையில் மீன் கூடையைத் தொம்மென்று வைத்தார்.

கடல்நீரைப் பரிசோதிப்பது அவள் வேலை. "எங்க பிடிச்சீங்கண்ணே?"

"முழங்கால் தண்ணியில! ஆழத்து மீனெல்லாம் தானா கரைக்கு வருது. வலையே வேணாம், கையால அள்ளுறோம். தூள் போட்டு மூணே மாசம்!"

அவள் காலையில் எடுத்த நீரின் அறிக்கையை நீட்டினாள்.

"தூளால பாசி மண்டி, அடியில அழுகிக் கிடக்குண்ணே. ஆழத்துல மூச்சு விடக் காத்தே இல்ல. அதுங்க பெருகி வரல, உயிர் தப்ப ஓடி வருது. அடுத்த தூள் கப்பலை உடனே நிறுத்தச் சொல்லுங்க."

வாய் பிளந்து கிடந்த மீன்களையே அண்ணன் வெறித்தார்.

"மீன் வந்த சந்தோஷத்துல, அதுக்கு நேத்தே கையெழுத்துப் போட்டுட்டேம்மா. இந்நேரம் கொட்டி முடிச்சிருப்பாங்க."