சாருக்குப் பிடித்த பனி

இமயமலையில் சரிந்து விழுந்த பனிக்கு அடியிலிருந்து கணவன் மகிழ்நனைத் தோண்டி வெளியே இழுத்துப் போட்டபோது, நிறைமதிக்கு அழுகை வரவில்லை. அவன் ஹெல்மெட்டிலிருந்து பேசும் வழிகாட்டிச் செயலியின் மேல் ஆத்திரம்தான் பொங்கியது.

“இந்தச் சரிவு தாங்கும், தைரியமா ஏறுங்கன்னு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு சொன்ன?”

“போன வருஷம் இதே இடத்துல ஆபத்துன்னு சொன்னேன் மேடம். பாதியில திரும்பிட்டீங்க. ஆனா பனி சரியவே இல்ல. ட்ரிப்பையே கெடுத்துட்டேன்னு சார் திட்டித் தீர்த்து, ஒரே ஒரு ஸ்டார் குடுத்தார். அதுலேருந்து அவர் மனசு கோணாம பேசக் கத்துக்கிட்டேன்.”

நிறைமதி கணவனை முறைத்தாள். இத்தனை வருஷமாக வீட்டில் அவளும் அப்படிப் பேசித்தான் அவனோடு குப்பை கொட்டுகிறாள்.

“கால்ல ஒண்ணும் இல்லல்ல?” என்று மகிழ்நன் முனகினான். பேன்ட்டைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெளியே தெரிந்தது.

அவள் வாயைத் திறப்பதற்குள் செயலி முந்திக்கொண்டது.

“லேசான சுளுக்குதான் சார். மீட்பு ஹெலிகாப்டர்லேருந்து இப்பதான் கேட்டாங்க. சார் ஜம்முன்னு இருக்கார், யாரும் வர வேண்டாம்னு சொல்லிட்டேன்.”