தசமிப் படையல்

இலை போட்டாகிவிட்டது. இனி எழுந்து போக முடியாது.

அவள் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தாள். எதிரே அத்தான். அக்காவின் புருஷன் என்பதால் அத்தான். மற்றபடி முப்பத்தாறு வருடமாக இந்த வாசலை அவள் மிதித்ததில்லை.

சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தாள். கேட்க ஒரே ஒரு கேள்விதான். அக்கா எந்த பஸ்ஸில் ஏறினாள்?

ரெங்கநாயகி காணாமல் போனபோது ஊர் தன் பங்குக்கு ஒரு கதை கட்டியது. எவனோடோ ஓடிவிட்டாள். ஓடிப்போனவளின் தங்கையை யார் கட்டுவார்கள்? யாரும் கட்டவில்லை. ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துக் கொடுத்தே, டெலிபோன் ஆபீஸில் அவளுக்குத் தலை நரைத்தது.

ரிட்டயரான பிறகுதான் தேட ஆரம்பித்தாள்.

போலீஸ் எப்போதோ கைகழுவிய கேஸ். பழைய டிரைவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்தாள். முதியோர் இல்லங்களில் கிழவிகளின் முகத்தை உற்று உற்றுப் பார்த்தாள். வேலை வெட்டி இல்லை உனக்கு என்று தம்பியே சொன்னான். அக்கா கிடைத்தால் என்ன செய்வது என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கன்னத்தில் ஓங்கி ஒன்று. பிறகுதான் அழுகை.

அத்தான் கேள்வியைக் கேட்டுச் சிரித்தார்.

"இன்னும் விடலையா நீ? அன்னைக்குச் சொன்னதுதாம்மா. தைப்பூசம். பஸ் ஸ்டாண்டு பூரா காவடி. அம்மா வீட்டுக்குப் போறேன்னா. நான்தான் ஏத்திவிட்டேன். ஜன்னல் வழியா பையைக் குடுத்தேன்."

போலீஸிடம் சொன்ன அதே பை. அதே ஜன்னல்.

சரசு குழம்பு ஊற்ற வந்தாள். அத்தான் பிறகு கட்டிக்கொண்டவள். வெள்ளந்தி.

"நல்ல நாளாப் பார்த்து வந்திருக்கீங்க. இன்னைக்கு உங்க அக்காவுக்குத் திதி. ஊரு என்ன வேணா பேசட்டும், தை வளர்பிறை தசமியை இவரு ஒரு வருஷம் தவறவிட்டதில்லை."

வடையையும் பாயசத்தையும் பார்த்து, தனக்கான விருந்து என்று அவள் நினைத்திருந்தாள்.

வாய்க்குக் கொண்டுபோன கவளத்தை இலையிலேயே வைத்தாள்.

இறந்த நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசையில்தான் படைப்பார்கள். வீட்டைவிட்டுப் போன நாளையே திதியாக வைப்பவர்களும் உண்டு. அப்படியென்றால் அது பூசமாக இருக்க வேண்டும்.

வெளியே பழனிக்கு நடப்பவர்கள் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அரோகரா என்று குரல் வந்தது. அவர்கள் இன்னும் நடக்க வேண்டும். பூசம் வரவில்லை.

அக்கா ஓடவில்லை.

அக்கா எந்த பஸ்ஸிலும் ஏறவில்லை.

பாவி, இத்தனை வருடம் அவளையா திட்டினோம்? அதற்கு மேல் பயம். அத்தான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். பெரிய கை அவருக்கு. இப்போதுதான் கவனித்தாள்.

பேசாமல் சாப்பிட்டு எழுந்து, பஸ் ஏறிய பிறகு யாரிடமாவது சொல்லியிருக்கலாம். வாய் கேட்கவில்லை.

"பூசத்துக்கு இன்னும் அஞ்சு நாள் இருக்கே, அத்தான்."

அப்பளம் நொறுங்கும் சத்தம் நின்றது.

சரசுவின் கரண்டியிலிருந்து குழம்பு தரையில் சொட்டியது. அவள் உதடு மெல்ல அசைந்தது. தசமி. ஏகாதசி. துவாதசி. பௌர்ணமிவரை போய் நின்றது.

சுவரில் மாலை போட்டிருந்த அக்காவின் படத்தைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

அத்தான் எச்சில் கையோடு எழுந்தார்.

"ஒரே சத்தமா இருக்கு," என்றபடி வாசல் கதவைச் சாத்தப் போனார்.

கரண்டி விழுந்தது. சரசு ஓடினாள். அவருக்கு முன்னால் வாசலுக்குப் போய், இரண்டு கதவையும் விரியத் திறந்தாள். நிலையை இறுகப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்துக் கத்தினாள்.

"சாமி! தண்ணி குடிச்சிட்டுப் போங்க. எல்லாரும் வாங்க சாமி. உள்ள வாங்க."